கேம்பிங் ட்ரெய்லர் கொக்கி: மணலி பட்டறைக்காரரிடம் கேள்வி பதில்

கூடாரம், அடுப்பு, தண்ணீர் டேங்க் ஏற்றிய சின்ன ட்ரெய்லரை காருக்குப் பின்னால் இழுத்துப் போகிறவர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் மணலியில் ட்ரெய்லர் பட்டறை வைத்திருக்கும் நம் உறுப்பினர்.

பெரம்பூர்: அண்ணா, மாட்டும்போது ‘டக்’கென்று சத்தம் வந்தால் பூட்டிவிட்டது என்று அர்த்தமா?

சத்தத்தை நம்பாதீர்கள். ட்ரெய்லர் மூக்கில் இருக்கும் கிண்ணம்தான் கப்ளர், காரின் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டைதான் குண்டு. கப்ளர் குண்டின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் ‘டக்’ வரும். டார்ச் அடித்துக் கீழிருந்து பாருங்கள். உள்ளே இருக்கும் தாடை குண்டின் வயிற்றுக்குக் கீழே கவ்வியிருக்க வேண்டும். பிடியை அழுத்திப் பின்னைப் போட்டுவிட்டு, ஜாக்கியைச் சுற்றி ட்ரெய்லரின் மூக்கைத் தூக்குங்கள். காரின் பின்பக்கமும் கூடவே எழும்பினால் சரி. கப்ளர் மட்டும் தனியாக மேலே வந்தால், ரோட்டிலும் அது அப்படித்தான் வந்திருக்கும். ஜாக்கியை மறக்காமல் முழுவதும் மேலேற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று. குண்டில் 50 மி.மீ. உண்டு, 2 இன்ச் உண்டு. 2 இன்ச் என்பது 50.8 மி.மீ. 2 இன்ச் கப்ளரை 50 குண்டில் மாட்டினால் ஆடும். 50 கப்ளரை 2 இன்ச் குண்டில் மாட்டினால் சரியாகப் பூட்டாது. இரண்டிலும் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வியாசர்பாடி: ட்ரெய்லருக்குத் தனியாகப் பதிவு வேண்டுமா?

வேண்டும். மற்ற விவரத்தை ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள்.

திருவொற்றியூர்: குண்டுக்கு கிரீஸ் போடலாமா சார்?

சாதாரண கப்ளர் என்றால் மெல்லிய பூச்சு போதும். வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதானால் மூடி போடுங்கள். மூடியில்லாத கிரீஸில் கடற்கரை மணலும் ரோட்டுத் தூசியும் ஒட்டும். அது உப்புத்தாள் மாதிரி இரும்பைத் தேய்க்கும். பழைய கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுத்தான் புதிது பூச வேண்டும். ஆட்டத்தை அடக்கும் உராய்வுக் கட்டை வைத்த கப்ளர் என்றால் ஒரு சொட்டு கிரீஸும் கூடாது; குண்டில் இருக்கும் பெயிண்ட்டையும் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

எண்ணூர்: நான் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். எங்கள் வண்டியில் கிரீஸ் வற்றினால் திருப்பும்போதே அலறும். நீங்கள் கிரீஸே வேண்டாம் என்கிறீர்களே?

நீங்கள் சொல்வது உங்கள் வண்டிக்கு நூறு சதவீதம் சரி. உங்கள் லாரி முதுகில் இருக்கும் தட்டின் மேல் ட்ரெய்லரின் முன்பாரம் முழுக்க உட்கார்ந்து திரும்புகிறது. இரும்பு மேல் இரும்பு, டன் கணக்கில் பாரம். கிரீஸ் இல்லாவிட்டால் தட்டு தேயும், ஸ்டியரிங் இறுகும். உராய்வுக் கப்ளரில் வேலையே தலைகீழ். அங்கே கட்டைகள் குண்டை இறுக்கிப் பிடித்துத்தான் ட்ரெய்லர் வாலாட்டுவதைத் தடுக்கின்றன. அதில் கிரீஸ் பூசினால், பணம் கொடுத்து வாங்கிய பிடிப்பை நீங்களே எடுத்துவிடுகிறீர்கள்.

எண்ணூர்: சரி, ஆனால் காய்ந்த குண்டு சீக்கிரம் தேயாதா?

தேயும். அதனால்தான் காலிப்பர் வைத்து அளக்கச் சொல்கிறேன். 50 குண்டு 49 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். ஓரிடத்தில் மட்டும் அளக்காதீர்கள். குண்டு முன்னும் பின்னும்தான் அதிகம் தேயும்.

தண்டையார்பேட்டை: எந்தப் பூட்டு போட்டால் திருடு போகாது?

எதுவும் முழுப் பாதுகாப்பில்லை. சக்கரப் பூட்டு ஒன்று, கப்ளரின் குழிக்குள் குண்டை அடைத்துப் பூட்டும் வகை ஒன்று, இரண்டும் வேண்டும். டிராபார், அதாவது கப்ளர் பொருத்தியிருக்கும் முன்கம்பி, சுவரைப் பார்க்க நிறுத்துங்கள்.

கொருக்குப்பேட்டை: நல்ல பூட்டு ஒன்று சொல்லுங்கள் அண்ணா.

இப்போதுதான் சொன்னேன்.

ராயபுரம்: 80 கிலோமீட்டர் வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்டுகிறது. கொக்கி கோளாறா?

முதலில் பாரத்தைப் பாருங்கள். தண்ணீர் டேங்க் பின்னால் இருந்தால் முன்னுக்கு மாற்றுங்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். ஐரோப்பிய கேரவன்காரர்கள் 5 முதல் 7 என்பார்கள். எப்படியானாலும் உங்கள் கார் கையேட்டில் இருக்கும் வரம்பைத் தாண்டக் கூடாது. ஆட்டம் வந்தால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள்.

சேஃப்டி செயின் இரண்டையும் டிராபாருக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள். கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் செயின் தாங்கும்.

காசிமேடு: கடலோரம்தான் நிறுத்துகிறேன். பின்விளக்கு விட்டு விட்டு எரிகிறது.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், பித்தளைக் காலில் பச்சை பூத்திருக்கும். பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, வாய் கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். செயினையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். குறுக்காகத்தானே மாட்டியிருக்கிறீர்கள்?

மாதவரம்: குண்டு 50, கப்ளர் 2 இன்ச். சனிக்கிழமை ஏலகிரி போகிறோம், சமாளித்துவிடலாமா?

முடியாது. பெரம்பூர்க்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் குண்டை மாற்றுங்கள். இல்லாவிட்டால் ட்ரெய்லரை வீட்டிலேயே விட்டுவிட்டு காரில் மட்டும் போய் வாருங்கள்.