தகட்டு எண்ணை மட்டும் வைத்துக் கிட்டாருக்கு வயது சொல்லலாமா?

கேள்வி: எங்கள் பெரியப்பா கோயில் கொடைகளில் மெல்லிசைக் குழுவோடு வாசித்த எலெக்ட்ரிக் கிட்டார் வீட்டில் இருக்கிறது. தலையில் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எழுத்து. பின்பக்கத் தகட்டில் பெரிய எஃப், 25-ல் தொடங்கும் ஆறு இலக்க எண். விலைக்குக் கேட்டவர் ஒருவர் 1969 மாடல் என்கிறார். இன்னொருவர் டூப்ளிகேட் என்கிறார். உண்மையான வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: 1969 என்றவர் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. பெரிய எஃப் பொறித்த தகடு 1965 தொடங்கி 1976 வரை வந்தது. 25-ல் தொடங்கும் ஆறு இலக்க எண் பெரும்பாலும் 1968, 69-ல் விழும். ஆனால் அந்தத் தகட்டைப் பிடித்திருப்பது நாலே நாலு ஸ்க்ரூ. ஐந்து நிமிடத்தில் கழற்றி வேறொரு கிட்டாரில் மாட்டிவிடலாம். அதே மாதிரி புதுத் தகடும் விலைக்குக் கிடைக்கிறது. கம்பெனியிலும் தகடுகளை எண் வரிசைப்படி மாட்டவில்லை. அதனால் அசல் கிட்டாரிலேயே ஓராண்டு, ஈராண்டு முன்பின் இருக்கும்.

கழற்றும் முன் தலையைப் பாருங்கள். 1965 கடைசியில் தலை பெரிதானது. 1968-ல் எழுத்து தடித்த கறுப்புக்கு மாறியது. சின்னத் தலையும் இந்தத் தகடும் சேர்ந்திருந்தால் ஏதோ ஒன்று வேறு கிட்டாரிலிருந்து வந்தது. தலை எழுத்தும் ஒட்டுகிற டெக்கால்தான், அதையும் முழுதாக நம்ப வேண்டாம்.

வயதை ஓரளவு உறுதியாகச் சொல்வது நெக், அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீளக் கட்டை, பாடியோடு சேரும் முனையின் அடிப்பக்கம். முதலில் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிகளை முழுக்கத் தளர்த்துங்கள். இழுவிசை இருக்கும்போது நெக் ஸ்க்ரூவில் கை வைத்தால் மரத்தில் புரி அறுந்துவிடும். 2-ஆம் நம்பர் ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் நாலு ஸ்க்ரூவையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றுங்கள். பெயிண்ட் பிடித்து நெக் வராமல் அடம்பிடித்தால் நெம்பக் கூடாது, ஓரம் பெயர்ந்துவிடும். மெல்ல மேலும் கீழும் அசைத்தால் தானாக விடும்.

அடிப்பக்கத்தில் மையில் முத்திரை ஒன்று இருக்க வேண்டும்: 22, அடுத்து ஆங்கிலத்தில் மாதத்தின் முதல் மூன்றெழுத்து, 69, கடைசியில் பி. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 22 என்பது தேதி இல்லை, ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கான மாடல் எண். அதற்குச் சில வருடம் முன்பு அது 13. பி என்பது நட் (தலைக்குக் கீழே கம்பிகள் பதியும் சின்னப் பட்டை) அகலம், ஒன்றே ஐந்தெட்டு அங்குலம். ஸ்கேல் வைத்தால் 41 மில்லிமீட்டரும் சொச்சமும் வரவேண்டும். முத்திரை அழிந்திருந்தால் அதை வைத்தே போலி என்று தள்ளிவிடாதீர்கள். அடுத்த சாட்சிக்குப் போங்கள்.

அது பிக்கார்டுக்கு (பாடியின் முன்பக்கம் மூடியிருக்கும் பிளாஸ்டிக் தகடு) உள்ளே. பதினோரு ஸ்க்ரூவையும் கழற்றி, வயரை இழுக்காமல் கவிழ்த்துப் பாருங்கள். வால்யூம் ஒன்று, டோன் இரண்டு என மூன்று கன்ட்ரோல்கள். அவற்றின் தகர உறையில் ஏழு இலக்கம் குத்தியிருக்கும். முதல் மூன்று தயாரிப்பாளர்: 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த இரண்டு வருடம், கடைசி இரண்டு வாரம். 1376612 என்றால் சிடிஎஸ், 1966-ஆம் வருடம், 12-ஆம் வாரம். 1969 கிட்டாரில் 66 இருக்கிறதே என்று பதற வேண்டாம். அந்த வருடம் ஃபெண்டர் மொத்தமாக வாங்கிக் குவித்ததை 1969 வரை போட்டுத் தீர்த்தது. கன்ட்ரோல் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கிட்டார் இதற்கு முந்தையதாக இருக்க முடியாது. மூன்றிலும் 1975 என்று இருந்து, ஈயம் வைத்த இடமும் மங்கிப்போய், கை படாததாகத் தெரிந்தால் 1969 கதை முடிந்தது. ஈயம் பளபளவென்றிருந்தால் யாரோ பிறகு மாற்றியிருக்கிறார்கள். அந்த எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எண்ணின் மேலேயே ஈயம் இருந்தால் சுரண்டாதீர்கள், சால்டரிங் அயர்ன் வைத்து உருக்கவும் வேண்டாம். தொடாத ஈயத்துக்கும் சந்தையில் மதிப்பு உண்டு.

டூப்ளிகேட் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு ஸ்கேல் போதும். பிரிட்ஜை (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) பிடிக்கும் ஆறு ஸ்க்ரூவில் முதலுக்கும் கடைசிக்கும் நடுவே அந்தக் கால அமெரிக்க ஸ்ட்ராட்டோகாஸ்டரில் சுமார் 56 மில்லிமீட்டர். ஆசிய நகல்கள் பலவற்றில் 52 சொச்சம். பாடியின் கனம் 44, 45 மில்லிமீட்டர் வரவேண்டும். 40-க்குக் கீழே போனாலோ, பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) குழியில் பிளைவுட் அடுக்கு தெரிந்தாலோ மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை. கன்ட்ரோல்களின் உறை 16 மில்லிமீட்டர் அளவில் சின்னதாக இருந்தாலும் அதே சந்தேகம்தான். நெக்கை மூன்றே ஸ்க்ரூ பிடித்து, டிரஸ் ராடு (நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பி) முனை தலைப்பக்கம் தோட்டாபோலத் துருத்தியிருந்தால் அது 1971 கடைசிக்குப் பிந்தைய வடிவம்.

பிக்கப்பை மாற்றும் ஸ்விட்ச் ஐந்து நிலையா என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். கம்பெனி ஐந்து நிலை ஸ்விட்சைப் போட்டது 1977-ல். ஆனால் பழைய மூன்று நிலை ஸ்விட்சைக் கழற்றிவிட்டு இதை மாட்டிக்கொண்ட வாசிப்பாளர்கள் ஏராளம்.

துருவையும் சாட்சிக்கு அழைக்க வேண்டாம். உவரி, மணப்பாடு பக்கம் கடற்கரை வீட்டில் கிடந்தால் சில வருடத்திலேயே ஸ்க்ரூ தலையெல்லாம் பூத்துப்போகும். பாளையங்கோட்டையில் உறைபோட்டு வைத்த கிட்டார் ஐம்பது வருடத்திலும் மினுங்கும். பாடியில் வலைபோல ஓடும் வெடிப்பைக் காட்டி விலை ஏற்றுவோரிடமும் உஷார்: 1968 வாக்கில் பாடிக்குத் தடித்த பாலியெஸ்டர் பூச்சு வந்துவிட்டது, அது பொதுவாகச் சில்லாகப் பெயருமே தவிர வலையாக வெடிக்காது. கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச்சை இருட்டறையில் அடித்தால் பிறகு பெயிண்ட் தொட்ட இடம் வேறு நிறத்தில் தெரியும்.

பெரியப்பா அதை வளைகுடாவிலிருந்தோ கொழும்பிலிருந்தோ கொண்டுவந்திருந்தால் கஸ்டம்ஸ் ரசீதைத் தேடிப்பாருங்கள். கொடை மேடையில் அதோடு நிற்கும் தேதி போட்ட போட்டோ கிடைத்தாலும், கிட்டார் அந்த வருடத்திலேயே இருந்தது என்பது உறுதி.

திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு ஸ்க்ரூவையும் முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். பழைய புரியில் 'டக்' என்று இறங்கியதும் வலப்பக்கம் முறுக்குங்கள். கம்பி ஏற்றிய பின் ஓரக் கம்பி ஃபிரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) விளிம்பை விட்டு வழுக்கினால் நெக் ஒருபக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். மறுபடி கம்பியைத் தளர்த்தி, ஸ்க்ரூவைக் கால் சுற்று இளக்கி, நெக்கை நேராக்கி இறுக்குங்கள்.