மணவாளக்குறிச்சி மணல் யாருக்குச் சொந்தம்?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியில், கடற்கரை மணலில் உள்ள கனிமம் ஊருக்கா, நாட்டுக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊருக்கு உரிமை உண்டு, ஆனால் 'எங்கள் மண்ணில் கிடக்கிறது' என்பதால் அல்ல. ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1909-இல் இங்கே கண்டறிந்த மோனசைட்டை (தோரியம் கலந்த கனிமம்) ஊர்க்காரர் யாரும் உண்டாக்கவில்லை; மலைப்பாறை சிதைந்து, ஆறும் அலையும் கொண்டுவந்து சேர்த்தது. வளம் எங்கே கிடைக்கிறது என்பது தற்செயல், அதை வைத்து முழு உரிமை கோர முடியாது என்று 1979-இல் அமெரிக்க அரசியல் தத்துவவாதி சார்லஸ் பெய்ட்ஸ் வாதிட்டார். சரி, அந்த வாதம் நாட்டுக்கும் பொருந்துமே! 1962 ஐ.நா. தீர்மானம்கூட இயற்கை வளங்களின் மீதான இறைமையை, மக்களின் நலனுக்குப் பயன்பட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுக்கிறது.

என்னைப் பொறுத்தவரை ஊரின் உரிமை வேறு இடத்திலிருந்து வருகிறது. வள்ளம் ஏற்ற, வலை உலர்த்த, கருவாடு காயப்போட ஊர் மீனவர்களுக்கு இருப்பது அந்த ஒரு கரைதான். பொதுவில் இருப்பதை எடுப்பவர் மற்றவர்களுக்கும் போதுமான அளவு, அதே தரத்தில் விட்டுவைக்க வேண்டும் என்றார் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக். இங்கே அந்த நிபந்தனையை எப்படி நிறைவேற்றுவது, கரை போனால் இன்னொரு கரையை எங்கே போய் வாங்குவது? கனிமத்தின் வருமானம் நாடு முழுவதற்கும் போகட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அள்ளுவதா வேண்டாமா, எவ்வளவு ஆழம், எந்த மாதங்களில் என்பதையெல்லாம் கரையில் வாழ்கிறவர்களின் சம்மதம் இல்லாமல் முடிவு செய்வது அநியாயம்.