மொரீசியஸ் தேர்தல்: கூட்டணிக் கணக்கு, பென்ஷன், மூன்று ஓட்டு (கேள்வி பதில்)

2024 நவம்பர் 10 தேர்தலில் எதிர்க்கட்சிகளின் மாற்றக் கூட்டணி 62 இடங்களில் 60ஐ அள்ளிக்கொண்டது. அந்தப் பிரசாரத்தைப் பற்றி நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. பல தேர்தல்களில் வாக்கு எண்ணும் இடத்தில் கட்சி முகவராக இருந்தவன் நான். இப்போது எந்தக் கட்சியிலும் இல்லை.

ரோஸ் ஹில், ஒரு மாணவர்: ஐயா, 2019இல் 37 சதவீதம் வாங்கியவர்கள் ஆட்சி அமைத்தார்கள். 2024இல் அதே அணி 27 சதவீதம் வாங்கியும் ஒரு தொகுதியில்கூட ஜெயிக்கவில்லை. பத்து சதவீதத்துக்கு இவ்வளவு வித்தியாசமா?

தம்பி, அந்தப் பத்து சதவீதத்தை விட, எதிரில் நின்றவர்கள் சேர்ந்தார்களா பிரிந்தார்களா என்பதுதான் முக்கியம். 2019இல் மும்முனைப் போட்டி. எதிர்க்கட்சிகளில் லேபரும் பிஎம்எஸ்டியும் சேர்ந்து சுமார் 33 சதவீதம், எம்எம்எம் என்ற கட்சி தனியாக 20க்கு மேல். கூட்டிப் பாருங்கள், 53 வருகிறது. அது இரண்டாகக் கிடந்ததால் பிரதமர் பிரவிந்த் ஜக்நாத் 37 சதவீதத்தோடு 38 இடம் பிடித்தார். பெஸ்ட் லூசர் இடங்களும் (சமூகப் பிரதிநிதித்துவத்துக்காக, தோற்றவர்களில் சிலருக்குக் கொடுப்பவை) சேர்ந்து 42 ஆனது.

2024இல் லேபர் தலைவர் நவீன் ராம்கூலமும் எம்எம்எம் தலைவர் போல் பெராஞ்சேயும் ஒரே மேடையில் ஏறினார்கள். 62 சதவீதம் வந்தது. நம் தீவில் 20 தொகுதி, தொகுதிக்கு மூன்று இடம், ஆளுக்கு மூன்று ஓட்டு. மீதி இரண்டு இடம் ரொட்ரிக்ஸ் தீவுக்கு. முதலில் வரும் மூன்று பேர் போனால் நான்காவது ஆளுக்கு ஒன்றுமில்லை. ஆகவே ஓர் அணி கொஞ்சம் முந்தினாலே மூன்றும் அதற்குத்தான். 1982லும் 1995லும் இதே 60க்குப் பூஜ்யம் நடந்தது. இந்த முறை பதவியில் இருந்த பிரதமரே தன் தொகுதியில் தோற்றார்.

ஆனால் கூட்டல் மட்டுமே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 2014இலும் ராம்கூலமும் பெராஞ்சேயும் கைகோத்தார்கள், 13 இடத்தோடு நின்றார்கள். ஜனாதிபதிக்கு அதிக அதிகாரம், இரண்டாம் குடியரசு என்று அவர்கள் மேடைக்கு மேடை விளக்கிக்கொண்டிருந்தார்கள். எதிரணியில் பிரவிந்தின் அப்பா அனிருத் ஜக்நாத் முதியோர் பென்ஷனை 5,000 ரூபாய் ஆக்குவேன் என்றார். ஜனங்களுக்கு எது காதில் விழுந்திருக்கும்? இரண்டு தலைவர்கள் தங்களுக்குள் நாற்காலி பிரிப்பதாகத் தெரிந்த ஒப்பந்தத்தை ஜனங்கள் நம்பவில்லை. பத்து வருடம் கழித்து அதே இருவர் சேர்ந்தபோது கோபம் முழுக்க ஆட்சியின் மேல் இருந்தது, அதனால் கணக்கு பலித்தது.

பெல் ரோஸ், ஓய்வுபெற்ற ஆசிரியை: தம்பி, பிரசாரத்தில் பென்ஷன் வயதை ஏற்றப் போவதாக யாரும் சொல்லவில்லையே?

சொல்லவில்லை, அக்கா. எனக்கு இதுதான் பெரிய வருத்தம். 2014இல் 5,000, 2019இல் 13,500 வரை கொண்டுபோவோம் என்ற வாக்குறுதி என்று ஒவ்வொரு தேர்தலும் பென்ஷன் ஏலமாகவே போனது. 2024இல் 14ஆவது மாதச் சம்பளமும் சேர்ந்துகொண்டது. ஜெயித்த பிறகு பார்த்தால், மாதம் 50,000 ரூபாய்க்குள் வாங்குபவர்களுக்குத்தான் அது கிடைத்தது. அப்புறம் 2025 ஜூன் 5 பட்ஜெட்டில் பென்ஷன் வயது 60இலிருந்து படிப்படியாக 65 ஆகும் என்று வந்து விழுந்தது. ஜனங்கள் தெருவுக்கு வந்ததில் என்ன ஆச்சரியம்?

நாட்டின் கடன் மொத்த உற்பத்தியில் 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, முதியோர் எண்ணிக்கையும் ஏறுகிறது. சீர்திருத்தம் தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதை ஓட்டுக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். கட்டுமான வேலை செய்து 59 வயதில் முதுகு போன ஒருவர் அந்தக் காசை நம்பித்தான் இருந்திருப்பார். இந்த லபூஸ் டூ (வாய்க்கு இனிப்புக் கொடுத்து ஓட்டு வாங்கும்) அரசியலில் இரண்டு அணிக்கும் பங்கு உண்டு. யாராவது மேடையில் ஒரு தொகையைச் சொன்னால், எந்த வரியிலிருந்து அது வரும் என்று பாஸில் (கட்சியின் உள்ளூர்ப் பிரசாரக் கூடத்தில்) உட்கார்ந்திருக்கும் கட்சிக்காரரிடமே கேளுங்கள்.

போர்ட் லூயி: சமூக ஊடகத் தடைதான் ஆட்சியைக் கவிழ்த்ததா?

அது கடைசி அடி. பிரசாரம் நடக்கும்போதே 'மிசியே முஸ்தாஸ்' என்ற பெயரில் தொலைபேசி உரையாடல் பதிவுகள் வெளிவந்தன. யாருடைய பேச்செல்லாம் ஒட்டுக்கேட்கப்பட்டது என்பதே ஊர்ப் பேச்சானது. அதை நிறுத்த, தேர்தல் முடியும்வரை சமூக ஊடகங்களுக்குத் தடை என்று நவம்பர் 1ஆம் தேதி அறிவித்தார்கள். மறுநாளே பின்வாங்கினார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு தினமும் வாட்ஸப்பில் பேசும் அம்மாவுக்கு அந்த ஒரு நாளில் அரசியல் புரிந்துவிட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபர் 3ஆம் தேதிதான் நம் நாடு உரிமை கேட்டுவந்த சாகோஸ் தீவுகள் பற்றி பிரிட்டனோடு உடன்பாடு அறிவிப்பு வந்திருந்தது. வேறொரு சமயத்தில் அது பெரிய பிரசாரச் சரக்கு. யாரும் கண்டுகொள்ளவில்லை.

குவாத்ர் போர்ன்: தமிழருக்கு பெஸ்ட் லூசர் இடம் ஏன் இல்லை அண்ணா?

அரசியல் சட்டம் பார்ப்பது நான்கு சமூகங்களை: இந்து, முஸ்லிம், சீன மொரீசியர், பொது மக்கள் தொகை. நம்மை இந்துக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அதுவும் 1972 கணக்கெடுப்பை வைத்து! ஆகவே நம் பிரதிநிதித்துவம் வேட்புமனு நாளுக்கு முன்பே, டிக்கெட் கொடுக்கும் அறையில் முடிவாகிவிடுகிறது. கோயில் கோயிலாக வந்து பொன்னாடை வாங்கும் தலைவரிடம் அப்போதே கேட்டால்தான் உண்டு, காவடித் திருநாளில் கேட்டுப் பயனில்லை.

மொழியை மட்டும் காட்டி ஓட்டு வாங்க முடியாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1995இல் தொடக்கப்பள்ளித் தேர்வு தரவரிசையில் தமிழ், இந்தி, உருது போன்ற மொழிகளின் மதிப்பெண்ணையும் சேர்க்கும் திருத்தம் நிறைவேறாமல் போனதும் அப்போதைய பிரதமர் அனிருத் ஜக்நாத் சபையைக் கலைத்தார். நியாயமான கோரிக்கைதான். ஆனாலும் தேர்தலில் அவர் அணிக்கு ஓர் இடம்கூட மிஞ்சவில்லை.

பிளாக் ரிவர்: எங்கள் 14ஆம் தொகுதி ரொம்பப் பெரிது. ஓட்டு மதிப்பு ஒன்றுதானா?

இல்லை. போர்ட் லூயியின் 3ஆம் தொகுதியில் இருப்பதைப் போல உங்களிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வாக்காளர்கள். இருவருக்கும் மூன்று இடம்தான். இதை மாற்ற எந்த அணியும் அவசரப்படாது.

வாக்குவா, முதல்முறை ஓட்டுப் போடப்போகும் பெண்: மூன்று ஓட்டையும் ஒரே கட்சிக்குத்தான் போட வேண்டுமா?

வேண்டியதில்லை அம்மா. 'பிளாக்' ஓட்டு என்று கட்சிகள் கத்துவது அவர்கள் வசதிக்கு. வாக்குச்சீட்டில் பெயர்கள் அகரவரிசையில் நீளமாக இருக்கும், ஒரே கட்சியின் மூவர் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடப்பார்கள். சாவி, சூரியன், இதயம் என்று சின்னத்தைப் பார்த்து அவசரமாகக் குறிக்காமல் பெயரையும் படியுங்கள். மூன்று பேரை வேறு வேறு அணியிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் சரியாக மூன்று குறி இருக்க வேண்டும். இரண்டோ நான்கோ போட்டால் சீட்டு செல்லாது.