ஏமாற்றத்துக்குப் பிறகு தேவனை மறுபடியும் நம்பிக் கீழ்ப்படிவது எப்படி?

இதைக் கேட்டவர் நெடுநாள் ஜெபித்துக் காத்திருந்த ஒன்று கைநழுவிப் போனவராகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'மறுபடியும்' என்ற சொல் கேள்வியில் வந்திருக்காது. நான் போதகர் அல்ல. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையில், சபையில் மலையாளமும் வீட்டு ஜெபத்தில் தமிழுமாக வளர்ந்த ரப்பர் விவசாயி.

2010-இல் கடன் வாங்கிக் கன்று நட்டேன். அடுத்த ஆண்டு ரப்பர் ஷீட் விலை கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது, இது தேவன் காட்டிய வழி என்று சபையில் எழுந்து நின்று சாட்சியும் சொன்னேன். ஏழாண்டு காத்திருந்து பால் வெட்டத் தொடங்கிய அதே ஆண்டில், 2017 நவம்பர் 30 அன்று, ஒக்கிப் புயலில் பாதிக்கு மேற்பட்ட மரங்கள் சாய்ந்துவிட்டன. மறுநாள் காலை பால் பிடிக்கும் சிரட்டைகள் கம்பியோடு சேற்றில் புதைந்து கிடந்தன. முறிந்த இடங்களில் மட்டும் பால் வெள்ளையாக வடிந்துகொண்டிருந்தது.

மறைத்து வைத்த பாவம் இருக்கும் இடத்தில்தான் புயல் வீசும் என்று அடுத்த மாதம் ஒரு கூட்டத்தில் பிரசங்கியார் ஒருவர் பேசினார். குமரிக் கடற்கரையில் தூத்தூரிலும் வள்ளவிளையிலும் சின்னத்துறையிலும் கடலுக்குப் போன ஆண்கள் திரும்பாத வீடுகளின் வாசலில் நின்று அதைச் சொல்ல அவருக்குத் துணிவு வருமா? அந்தப் பேச்சு எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆனால் நான் இங்கே சொல்ல வந்த பாவம் புயலுக்கு முன்பு செய்ததல்ல, பின்பு செய்தது.

சாய்ந்த மரங்களைத் தடி வியாபாரிக்கு விற்றபோது, அதிரை, அதாவது நில எல்லையை, ஒட்டி விழுந்துகிடந்த, வேர் அண்ணன் நிலத்தில் இருந்த மரங்களையும் என் கணக்கில் சேர்த்து விற்றுவிட்டேன். அண்ணன் கத்தாரில் இருந்தார். என்னுடையதையெல்லாம் தேவனே எடுத்துக்கொண்ட பிறகு எனக்கு மட்டும் நியாயம் எதற்கு என்பதே அன்றைய என் எண்ணம். சபைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஜெபத்தில் கண்ணை மூடினால் அந்த மரங்கள்தான் தெரிந்தன.

லெந்து என்னும் தவக்கால நாட்களில் வீட்டில் வேதாகமத்தின் எரேமியா 32-ஆம் அதிகாரம் வாசிக்க வந்தது. பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது, எரேமியா தீர்க்கதரிசியோ காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கு என்கிறார் கர்த்தர். எரேமியா 17 சேக்கல் எடை வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, பத்திரத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான், நகரமே எதிரியின் கைக்குப் போகும்போது எனக்கு இந்த நிலம் எதற்கு என்று ஜெபத்தில் முறையிடுகிறார். மனம் தெளிந்து, நம்பிக்கை திரும்பிய பிறகே கீழ்ப்படிய முடியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எரேமியாவோ மனக்குழப்பம் தீராமலேயே சொன்னதைச் செய்திருக்கிறார்.

கிரியையினால், அதாவது நம் செயல்களால், இரட்சிப்பு கிடைக்குமா என்று இங்கே சிலர் கேட்கக்கூடும். நான் அதைச் சொல்லவில்லை. எதிர்காலத்தைக் குறித்துத் தேவனை நம்ப முடியாத நாட்களிலும், சரி என்று எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்த ஒரு காரியம் செய்யப்படாமல் கிடந்தது என்றுதான் சொல்கிறேன்.

அன்று இரவே அண்ணனை அழைத்து, உங்களுடைய இரண்டு மரங்களை விற்றுவிட்டேன் என்றேன். சற்று நேரம் சத்தமே இல்லை.

"மூணு மரம் இல்லியாடே?" என்றார்.

மூன்றுதான். தப்பை ஒத்துக்கொள்ளும்போதுகூட ஒன்றைக் குறைத்திருக்கிறேன். அவருக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மூன்று மரத்துக்கும் உரிய பணத்தை அவர் கணக்கில் போட்டேன். ரப்பர் விலை ஏறவில்லை, கடனும் அப்படியே இருந்தது. ஜூன் மழையில் மறுபடியும் கன்று நட்டபோது, அதிரிலிருந்து நான்கடி உள்ளே தள்ளிக் குழி எடுத்தேன்.