இஸ்தான்புல்ல ரெண்டே நாள்தான் இருக்கப்போறேன், எதைப் பாக்கலாம், எதை விடலாம்?

ரெண்டு நாள்தான்னா முதல் வேலையா உங்க மியூசியம் லிஸ்ட்டைப் பாதியா வெட்டிடுங்க. நான் முதல் நாள் பூரா, பெரிய மசூதி, அரண்மனை எல்லாம் இருக்கற பழைய நகரமான சுல்தானஹ்மெட் பக்கமே சுத்தி, வரிசையில நின்னு நின்னு கால் வீங்கிப்போய், மறுநாள் மத்தியானத்துக்கு மேலதான் ஃபெர்ரில ஏறினேன், ஏறின கொஞ்ச நேரத்துலயே இதை நேத்தே பண்ணித் தொலைச்சிருக்கலாமேன்னு ஆயிடுச்சு.

எமினோனு படகுத்துறையில ஏறினா இருபது நிமிஷம் போல, அக்கரையில காடிக்கோய். ஐரோப்பாவுல ஏறி ஆசியாவுல இறங்கறீங்க, அவ்ளோதான் விஷயம், ஆனா கூட வர்றவங்க யாருக்கும் அது ஒரு மேட்டரே இல்ல, வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற ஜனங்க. டிராம்ல தட்டற அதே இஸ்தான்புல்கார்ட்தான் இதுக்கும், தனி டூர் போட் எல்லாம் வேண்டாம். உள்ள உக்காராதீங்க, வெளிப்பக்க பெஞ்சைப் பிடிங்க, சின்ன கண்ணாடி டம்ளர்ல பால் இல்லாத டீ வாங்கிக்கோங்க, யாராவது சிமித் ரொட்டியைப் பிச்சுப் போட கடல்புறா கூட்டம் கப்பலோடயே பறந்து வரும். காடிக்கோய் மார்க்கெட்ல மீன் கடை, ஆலிவ் கடை, ஒவ்வொரு கடை வாசல்லயும் ஒரு பூனை, சும்மா நடந்தாலே பொழுது போயிடும். சைவம்னா மெர்ஜிமெக் சோர்பா கேளுங்க, பருப்பு சூப்தான், எலுமிச்சை பிழிஞ்சு குடிக்கணும். திரும்பற ஃபெர்ரியை மட்டும் சூரியன் இறங்கற நேரமா பாத்துப் பிடிங்க, மேற்குப் பக்கமா வர்றதால டோப்காபி அரண்மனை, ஹாகியா சோபியா, சுலைமானியே மசூதி எல்லாம் வரிசையா கறுப்பா எதிர்ல நிக்கும்.

ஹாகியா சோபியாவை விட்டுடுங்கன்னு சொல்லல. 537ல கட்டி முடிச்ச சர்ச், 1453ல மசூதி, அப்புறம் மியூசியம், 2020ல திரும்ப மசூதி. இப்போ டூரிஸ்ட்டுக்கு டிக்கெட் எடுத்து மாடிப் பகுதி மட்டும்தான், அதனால காலைல சீக்கிரம் போயிடுங்க. எதிர்ல நீல மசூதி இலவசம், தொழுகை நேரத்துல மட்டும் விடமாட்டாங்க, பெண்கள்னா தலைக்கு ஒரு ஷால் வேணும். பக்கத்துலயே பூமிக்கடியில பசிலிக்கா நீர்த்தொட்டி, 336 தூண், அதுல ரெண்டு தூணுக்கு அடியில கிரேக்கக் கதையில வர்ற பாம்புக் கூந்தல்காரி மெடூசாவோட தலை, ஒண்ணு தலைகீழா, இன்னொண்ணு பக்கவாட்டுல. எனக்கு அங்க ஹாகியா சோபியாவை விட இதுதான் பிடிச்சுது, வெயிலுக்கு ஜில்லுனும் இருந்துச்சு.

டோப்காபி அரண்மனை செவ்வாய் லீவு, கிராண்ட் பஜார் ஞாயிறு லீவு, நாள் பாத்து பிளான் போடுங்க.

கலாட்டா பாலத்துல தூண்டில் போட்டு வரிசையா நிப்பாங்க, வேடிக்கை பாக்கலாம். அந்தப் பக்கம் நடக்கறப்போ ஷூ பாலிஷ் போடறவர் ஒருத்தர் கையிலேர்ந்து பிரஷ் உங்க முன்னாடி விழும், எடுத்துக் குடுத்துடாதீங்க. நான் பாவம்னு குடுத்தேன், நன்றிக்கடனா ஃப்ரீ பாலிஷ்னு உக்கார வெச்சு கடைசில காசு கேட்டுட்டார். நான் போட்டிருந்தது கேன்வாஸ் ஷூங்க.