மேலே மூச்சு, கீழே சோறு: யூரோப்பா கடலுக்கு ஓர் இனத்தை உருவாக்குவது எப்படி?

கேள்வி: வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவில், பனிக்கு அடியிலுள்ள கடலில் நடக்கும் ஓர் அறிவியல் புனைகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அங்கே வாழும் அறிவுள்ள இனத்துக்கு மனித உடம்பு, மீன் வால், செவுள், இருட்டில் ஒளிரும் பெரிய கண்கள் வைத்திருக்கிறேன். கடலடியில் நகரம், உலோகப் பட்டறை எல்லாம் உண்டு. படித்துப் பார்த்த நண்பர், "கடற்கன்னிக் கதைதானே இது, ராக்கெட் மட்டும்தான் புதுசு" என்று சொல்லிவிட்டார். நம்பும்படியாக எப்படி மாற்றுவது?

பதில்:

உங்கள் நண்பர் கொஞ்சம் கறாராகப் பேசியிருக்கிறார். ஆனால் சொன்னது சரி. வாலிலோ செவுளிலோ குற்றமில்லை. உடம்பை முதலில் வரைந்துவிட்டு அப்புறம் அதைக் கடலில் இறக்கிவிட்டிருக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான். முதலில் கடலைத் தீர்மானியுங்கள். உடம்பில் பாதியை அதுவே முடிவு செய்துவிடும்.

நல்லவேளையாக நீங்கள் பிடித்திருப்பது நிஜமான இடம். 1610-இல் கலிலியோ கண்டுபிடித்த யூரோப்பாவின் விட்டம் சுமார் 3,120 கி.மீ.; நம் நிலவைவிடக் கொஞ்சம் சின்னது. மேற்பரப்பில் நடுக்கோட்டருகிலேயே மைனஸ் 160 டிகிரி குளிர். 1995 முதல் 2003 வரை வியாழனைச் சுற்றிய கலிலியோ விண்கலம் அளந்த காந்தப்புலத்தை வைத்துத்தான், பனிக்கு அடியில் உப்புக்கடல் இருக்கிறது என்று விஞ்ஞானிகள் உறுதியாகப் பேச ஆரம்பித்தார்கள். கடலின் ஆழம் 60 முதல் 150 கி.மீ. வரை இருக்கலாம் என்பது கணிப்பு. அதாவது பூமியின் கடல்களை எல்லாம் சேர்த்தால் வருவதைப்போல இரண்டு மடங்கு தண்ணீர். யூரோப்பா 85 மணி நேரத்துக்கு ஒருமுறை வியாழனைச் சுற்றுகிறது. பாதை சரியான வட்டமில்லை என்பதால் வியாழனின் ஈர்ப்பு ஒவ்வொரு சுற்றிலும் அதைப் பிசைந்து தளர்த்துகிறது. அந்தப் பிசைவில் பிறக்கும் சூட்டால்தான் கடல் உறையாமல் இருக்கிறது. உங்கள் கதைக்குப் பனி 20 கி.மீ., கடல் 100 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று எண்களையும் (20, 100, 85) மேசைக்கு எதிரே எழுதி ஒட்டிவிடுங்கள். நான் இனிச் சொல்லப்போவது பெரும்பாலும் இவற்றிலிருந்து வருவதுதான்.

அடுத்த கேள்வி, சாப்பாடு. சூரிய ஒளி இல்லை, ஆகவே பாசியும் இல்லை. 1977-இல் கலபகோஸ் தீவுகளுக்கு அருகே ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டுபிடித்தபோது, இருட்டிலேயே ஒரு முழு ஊர் நடக்க முடியும் என்று தெரியவந்தது. அங்குள்ள ராட்சதக் குழாய்ப்புழு இரண்டு மீட்டர் வரை வளரும். வாயும் கிடையாது, குடலும் கிடையாது. ஊற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடை, உடம்புக்குள் வாழும் பாக்டீரியாக்களுக்கு ஊட்டி, அவை சமைத்துக் கொடுப்பதைத் தின்று வாழ்கிறது. புனைகதைக்காரர்கள் பலரும் இந்த இடத்தில் "சரி, யூரோப்பாவிலும் ஊற்று இருக்கும், வேலை முடிந்தது" என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் புழுவுக்கு ஆக்சிஜனும் வேண்டும். அது மேலே வெயிலில் வாழும் பாசிகளும் செடிகளும் விட்ட ஆக்சிஜன். சூரியனைக் கண்ணால் பார்க்காத புழுவும் சூரியனிடம் கடன்பட்டுத்தான் இருக்கிறது.

யூரோப்பாவில் அந்த ஆக்சிஜன் எங்கிருந்து வரும்? பனியின் மேற்பரப்பிலிருந்து. வியாழனின் கதிர்வீச்சு பனியை அடித்து உடைத்து ஆக்சிஜனைப் பிரிக்கிறது. வினாடிக்குச் சுமார் 12 கிலோ என்று, வியாழனை ஆராயப் போன ஜூனோ விண்கலத்தின் அளவீடுகளை வைத்து 2024-இல் கணக்கிட்டார்கள். அதில் ஒரு பங்கு பனி விரிசல்கள் வழியாக மெல்ல மெல்லக் கடலுக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

ஆக, மூச்சு மேலே, சோறு கீழே, நடுவில் 100 கி.மீ. உங்கள் கதையே இதுதான்.

விவரமான வாசகர் ஒருவர் இங்கே குறுக்கிடுவார்: நீரோட்டம் இரண்டையும் கலந்துவிடாதா? கலக்கும். துருவத்தில் குளிர்ந்து மூழ்கும் நீர்தான் நம் ஆழ்கடலுக்கே ஆக்சிஜன் கொண்டுபோகிறது. ஆனால் கலக்காத கடலும் உண்டு; அவருக்குக் கருங்கடலைக் காட்டுங்கள். அங்கே ஆறுகள் கொண்டுவரும் இலகுவான நன்னீர் மேலே மிதக்க, கனமான உப்பு நீர் கீழே தங்கிவிடுகிறது. இரண்டும் லேசில் கலப்பதில்லை. 150-200 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது, ஹைட்ரஜன் சல்பைடுதான். யூரோப்பாவில் பனி உருகிவரும் உப்புக் குறைந்த நீர் அப்படி மேலே தங்குகிறது என்று வைத்தால் போதும். கூரைக்கு அடியில் மூச்சு விடும் அடுக்கு, அதன் கீழே நச்சு அடுக்கு.

இனி உங்கள் இனத்துக்குச் செவுள் இருக்கட்டும்; ஆனால் இறுக்கி மூடிக்கொள்ளும் மூடி வேண்டும். மேலே வயிறு முட்ட மூச்சை நிரப்பிக்கொண்டு, செவுளை அடைத்து, கீழே போய்ச் சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் இறங்க 20 மணி நேரம், ஏற 20 மணி நேரம். முடியுமா? பூமியில் மூச்சடக்குவதில் சாதனை கூவியரின் அலகுத் திமிங்கிலத்துடையது, 222 நிமிடம். அது வெப்ப ரத்தப் பிராணி. அதே எடையுள்ள குளிர் ரத்தப் பிராணிக்கு ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் போதும். பத்தால் பெருக்கிப் பாருங்கள், 37 மணி நேரம் வந்துவிட்டது! அடியில் தங்குவதற்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டும்தான். அந்த அளவு சலுகையை வாசகர் தருவார். ஆகவே உடம்பு பெரிதாக, உருண்டு திரண்டு, ஆக்சிஜனைச் சேமிக்கும் கருஞ்சிவப்புத் தசையோடு இருக்கும். அவசரப்படாத பிராணி. மனித இடுப்பையும் தோளையும் இதில் எங்கே வைப்பீர்கள்?

அழுத்தத்தைப் பற்றிப் பலரும் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். யூரோப்பாவின் ஈர்ப்பு பூமியில் சுமார் 13 சதவீதம்தான். இங்கே 10 மீட்டர் இறங்கினால் ஏறும் அழுத்தம் அங்கே ஏறச் சுமார் 75 மீட்டர் இறங்க வேண்டும். நம் கணக்குப்படி பனிக்கூரைக்கு அடியிலேயே சுமார் 240 வளிமண்டல அழுத்தம், கடலடியில் சுமார் 1,500. பூமியின் கடலிலேயே மிக ஆழமான மரியானா அகழியின் அடியில் சுமார் 1,100 இருக்கிறது, அங்கே கூனி போன்ற சிறு பிராணிகள் வாழ்கின்றன. மீன்களுக்குத்தான் சிரமம்: இதுவரை மிக ஆழத்தில் படம் பிடிக்கப்பட்ட மீன் 2022-இல் ஜப்பான் அருகே 8,336 மீட்டரில் நீந்திய நத்தைமீன். அந்த அழுத்தம் யூரோப்பாவில் கூரையிலிருந்து 45 கி.மீ. ஆழத்தில் வந்துவிடும்.

கதைக்கு இதை விட்டுவிடாதீர்கள். எல்லோராலும் அடிவரை போக முடியாது. சிலருடைய உடம்பு மட்டுமே தாங்கும் என்று வைத்தால், கீழே போகிறவர்கள், பாதி வழியில் காத்திருந்து வாங்கி வருகிறவர்கள், மேலேயே இருந்து தின்பவர்கள் என்று தானாகப் பிரிந்துவிடும். யாருக்கு மரியாதை, யாருக்குப் பங்கு என்ற சண்டையைத் தனியாக யோசிக்கவே வேண்டாம்.

ஒளிரும் கண்களை எடுத்துவிடச் சொல்வேன். நம் ஆழ்கடலில் ஒளிரும் பிராணிகள் ஏராளம், உண்மைதான். ஆனால் அவற்றின் முன்னோர்கள் வெளிச்சத்தில் வாழ்ந்து கண்ணைப் பெற்றவை. சூரியனே எட்டாத கடலில் கண் இருந்தாலும், ஊற்றின் மங்கலான கனலை உணரும் ஒரு பட்டையாக முதுகில் இருக்கலாம். நம் ஊற்றுகளில் வாழும் ஒருவகை இறாலுக்கு அப்படித்தான் இருக்கிறது. முகத்தில் இரண்டு பெரிய கண் என்பது அட்டைப்படத்துக்காக வரைவது.

அந்த உலகத்தின் முதல் புலன் கேள்விதான். தண்ணீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும், காற்றில் போவதைப்போல நாலு மடங்குக்கு மேல். மட்டக்களப்புக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லடிப் பாலத்துப் பக்கம் நிலாக்காலத்தில் வாவியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துப் பாடுமீனைக் கேட்பது அவர்களுடைய பழைய வழக்கம். காற்றில் வராத பாட்டு மரத்தின் வழியே வந்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆழத்தில் அழுத்தம் கூடக் கூட ஒலியின் வேகமும் கூடும். மேலிருந்து கீழ்வரை வெப்பநிலை அதிகம் மாறாத கடலில், இதனால் ஒலி மேல்நோக்கி வளைந்து, பனியின் அடிப்புறத்தில் மோதித் திரும்பி, மறுபடி வளைந்து மேலே வரும். ஆர்க்டிக் கடலில் இப்படித்தான் நடக்கிறது. எனவே யூரோப்பாவில் கூரையை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு வெகுதூரத்துப் பேச்சும் கேட்கும். ரகசியம் பேசுவது கஷ்டம். கடலடியிலிருந்து ஒருவர் நேர்மேலே கூப்பிட்டால் குரல் போய்ச்சேரச் சுமார் ஒரு நிமிடம், பதில் வர இன்னொரு நிமிடம். உங்கள் கையெழுத்துப் பிரதியில் கூரையில் இருக்கும் தாயும் ஆழத்தில் இருக்கும் மகனும் வெடுக் வெடுக்கென்று பேசிக்கொள்ளும் காட்சி ஏதாவது இருந்தால் அது நிற்காது. அவள் முழுதாகச் சொல்லி முடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவன் பதில் வருவதற்குள் அவன் இன்னும் ஆழத்துக்குப் போயிருப்பான். அந்த இரண்டு நிமிடத்தை வைத்து ஒரு அத்தியாயம் எழுதலாம்.

நேரம் காட்டுவதும் ஒலிதான். ஒவ்வொரு சுற்றிலும் பனி பிசையப்படும்போது விரிசல் விடும், உறுமும். 85 மணி நேரத்துக்கு ஒருமுறை கூரை உறுமுவதுதான் அவர்களுடைய பொழுது. போக 20, வர 20 போனால் மிச்சம் 45 மணி நேரம் சாப்பிட, உறங்க, பிள்ளை வளர்க்க. விடியல், நாள், வடக்கு, நட்சத்திரம் எதுவும் அவர்கள் வாயில் வரக்கூடாது.

மின்புலன் வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். அளவோடு வையுங்கள். மின்சாரத்தால் சுற்றுப்புறத்தைத் துழாவும் மீன்கள் பெரும்பாலும் நன்னீரில்தான் இருக்கின்றன. உப்புநீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால் புலம் தூரம் போகாது. சுறா இரையின் மின்துடிப்பை உணர்வதும் கை நீளத் தூரத்தில்தான். தொட்டுப் பேசும் அந்தரங்கப் பேச்சுக்கு அது பொருத்தமாக இருக்கும்.

அறிவுக்கு வருவோம். டால்பினுக்கு மூளை உண்டு, கை இல்லை. பேய்க்கணவாய்க்கு (ஆக்டோபஸ்) கை எட்டு உண்டு, 50 கோடி நரம்பணுக்களில் மூன்றில் இரண்டு பங்கு அந்தக் கைகளிலேயே இருக்கிறது. இந்தோனேசியாவில் ஒருவகை, தேங்காய்ச் சிரட்டையைத் தூக்கிக்கொண்டு போய் வீடாக்கிக்கொள்கிறது. ஆனால் அதற்கு ஆயுள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுதான். முட்டை பொரியும் தறுவாயில் தாய் செத்துப்போகும். கற்றதைச் சொல்லித்தர ஆளில்லாத இனத்தில் ஒவ்வொரு குஞ்சும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் கைகளைப் பேய்க்கணவாயிடம் வாங்குங்கள். குடும்பத்தை ஓர்க்கா எனும் கொலைகாரத் திமிங்கிலத்திடம் வாங்குங்கள். ஓர்க்காக்களில் பிள்ளை பெறும் வயது கடந்த பெண்கள் பல்லாண்டு வாழ்ந்து, மீன் குறைந்த காலத்தில் கூட்டத்துக்கு முன்னால் போய் வழிகாட்டுகிறார்கள். எந்த ஊற்று அணைந்தது, எது புதிதாகத் திறந்தது என்று நினைவு வைத்திருக்கும் பாட்டிகள் இல்லாமல் உங்கள் இனம் பிழைக்காது.

பட்டறையைக் கைவிடுங்கள். நீருக்கடியில் நெருப்பில்லை, உலையும் இல்லை. ஆனால் வெறுங்கையோடும் இருக்க வேண்டாம். வெந்நீர் ஊற்றில் கரைந்து வரும் தாதுக்கள் குளிர்நீரில் பட்டதும் படிந்து புகைபோக்கிபோல வளர்கின்றன. அட்லாண்டிக்கில் 60 மீட்டர் உயரமுள்ளவையே உண்டு. அந்த வாயில் ஒரு அச்சைக் கட்டி வைத்துப் பல சுற்றுகள் காத்திருந்தால், வேண்டிய வடிவில் கல் படியும். இந்தியப் பெருங்கடலின் ஊற்றுகளில் ஒரு நத்தை தன் காலில் இரும்பு சல்பைடு செதில்களைக் கவசமாகப் போர்த்தியிருக்கிறது. அப்படியொரு பிராணியை மாடுபோல வளர்த்துச் செதில் எடுக்கலாம்! கட்டுகிற நாகரிகத்தை எடுத்துவிட்டு வளர்க்கிற நாகரிகமாக வையுங்கள்.

நகரம் வேண்டுமென்றால் கடலடியில் வேண்டாம், கூரையில் வையுங்கள். அண்டார்க்டிகாவின் ராஸ் பனித்தட்டின் அடிப்புறத்தில் 2010-இல் கடல் அனிமோன் என்ற பூப்போன்ற பிராணிகளின் கூட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். பனிக்குள் உடம்பைப் புதைத்து, உணர்கொம்புகளைத் தலைகீழாகக் கடலுக்குள் தொங்கவிட்டு வாழ்கின்றன. மிதக்கும் பொருளுக்கெல்லாம் அந்தப் பனிக்கூரைதான் தரை. கைதவறினால் பொருள் மேலே போய் ஒட்டிக்கொள்ளும், குழந்தை அசந்தால் மேல்நோக்கி "விழும்". உலகம் என்றால் மேலே கெட்டியான பனி, கீழே கடலடி, நடுவில் கடல். பனிக்கு அந்தப் பக்கம் என்ன என்று கேட்பவனைப் பைத்தியம் என்பார்கள்.

மனிதர்களைக் கொண்டுவரும் அவசரம் வேண்டாம். 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030-இல் வியாழனை அடையும். அதுவும் இறங்காது, பலமுறை அருகில் பறந்து பார்த்துவிட்டுப் போகும். பனியைத் துளைக்கும் கருவி உங்கள் கதையில் எப்போது வந்தாலும், கீழே இருப்பவர்கள் அதைப் பார்க்கப் போவதில்லை. கூரையில், உறுமலின் முறைக்குச் சேராத ஒரு புதுச் சத்தமாகத்தான் கேட்பார்கள்.

ஓவியரிடம் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கீழே போகும் ஒருத்தியை எடுத்துக்கொண்டு, ஓர் உறுமலிலிருந்து அடுத்த உறுமல் வரை 85 மணி நேரத்தையும் எழுதிப் பாருங்கள்: எங்கே செவுளை மூடுகிறாள், எதைக் கேட்டு வழி அறிகிறாள், அடியில் எதை எப்படிப் பிடித்துக்கொண்டு தின்கிறாள், எதைச் சுமந்து வருகிறாள், யார் வாங்கிக்கொள்கிறார்கள். எழுதும்போது எந்த உறுப்புக்கு வேலை வரவில்லையோ அதைப் படத்திலிருந்து அழித்துவிடுங்கள். வால் தங்கும் என்று நினைக்கிறேன்.