கிரெடிட் கார்டில் இருப்பது யார் பணம்?

கேள்வி: ஆன்லைன் ரம்மிக்கு கிரெடிட் கார்டில் பணம் கட்டியதற்கு 2025 ஜூலையில் வங்கி 1 சதவீதம் கட்டணம் போட்டது. அந்த மாதம் 40,000 ரூபாய் கட்டியிருந்தேன்; 400 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும் போயிற்று. என் பணத்தை நான் எதில் செலவழித்தால் அவர்களுக்கு என்ன? அப்புறம் அந்த ஆப்பே மூடிவிட்டது. யுபிஐ வழியாக வெளிநாட்டு ஆப்பில் ஆடலாம், கட்டணமே கிடையாது என்கிறார் நண்பர். ஆடலாமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: 'என் பணம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே நின்றுவிட்டேன். கிரெடிட் கார்டில் இருப்பது உங்கள் பணம் இல்லை சார், கடன். சம்பளக் கணக்கிலிருந்து எடுத்து ஆடுகிறவர் கையிருப்பைத் தோற்கிறார். கார்டில் ஆடுகிறவர் இன்னும் சம்பாதிக்காததைத் தோற்கிறார். பிரிட்டனில் 2020 ஏப்ரலிலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஜூனிலும் இணையச் சூதுக்கு கிரெடிட் கார்டைத் தடை செய்தார்கள். சூதாட்டத்தை அங்கே மொத்தமாக ஒழித்துவிடவில்லை. கடன் வாங்கி ஆடாதே என்று மட்டும் சொன்னார்கள்.

உங்கள் 40,000 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். 2023 அக்டோபர் முதல் இந்த ஆட்டங்களில் கட்டும் பணத்துக்கு 28 சதவீத ஜிஎஸ்டி இருந்தது. நீங்கள் கட்டிய 40,000இல் 8,750 வரி. பல கம்பெனிகள் அதை போனஸ் என்று திருப்பிக் கொடுத்து மறைத்ததால் உங்கள் கண்ணில் பட்டிருக்காது. ஒவ்வொரு ஆட்டத்திலும் கம்பெனி எடுத்துக்கொண்ட கமிஷன் தனி. கார்டு பில்லைக் கெடு தேதிக்குள் முழுதாகக் கட்டினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகத் தெரிய வேண்டும். 'மினிமம் டியூ' என்ற குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டியிருந்தால், செலவு செய்த நாளிலிருந்தே வட்டி ஓடும். மாதம் 3.75 சதவீதம் வாங்கும் கார்டுகள் இருக்கின்றன. 40,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 1,500, அதன் மேல் ஜிஎஸ்டி 270. பாக்கி நிற்கும் வரை அடுத்த மாதம் வாங்கும் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி. உங்களுக்குக் கோபம் வந்தது மட்டும் 400 ரூபாய்க்கு.

இதனால் வங்கி செய்தது சரி என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். எச்டிஎஃப்சி வங்கி 2025 ஜூலை 1 முதல் கொண்டுவந்த கணக்கைப் பாருங்கள்: மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் இந்த ஆட்டங்களுக்குச் செலவழித்தால் மொத்தத் தொகையிலும் 1 சதவீதம், உச்சவரம்பு 4,999 ரூபாய். அந்த உச்சவரம்பு யாருக்காக? 40,000 ரூபாய் ஆடியவருக்கு 400. ஐந்து லட்சம் ஆடினாலும் 4,999, பத்து லட்சம் ஆடினாலும் அதே 4,999. ஆளைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் தொகை ஏற ஏறக் கட்டணமும் ஏறியிருக்க வேண்டும். இங்கே கடனில் ஆழமாக மூழ்குகிறவருக்கு விகிதம் குறைகிறது. குளத்தில் முதலை இருப்பது தெரிந்தும், படித்துறையில் உட்கார்ந்து இறங்குகிறவரிடம் எல்லாம் காசு வாங்கிக்கொண்டிருப்பதைக் காவல் என்று சொல்ல முடியுமா? பணம் எங்கே போகிறது என்று வங்கிக்குத் தெரியும். கார்டு வாங்கும் ஒவ்வொரு வியாபாரத்துக்கும் நான்கு இலக்க வகை எண் உண்டு, சூதாட்டத்துக்கு 7995. இந்த மாதிரி வகை எண்களை வைத்துக் கட்டணம் போட முடிந்தவர்களால் பரிவர்த்தனையையே நிறுத்தவும் முடியும்.

வங்கிக் கட்டணம் என்று வந்துவிட்டால் நான் குறைந்தபட்ச இருப்புக்குப் போகாமல் விடமாட்டேன், வழக்கமான வாசகர்களுக்குத் தெரியும். கணக்கில் குறைந்தபட்சப் பணம் வைக்கவில்லை என்று பொதுத்துறை வங்கிகள் ஐந்து நிதியாண்டுகளில் வசூலித்த அபராதம் சுமார் 8,500 கோடி ரூபாய். 2024இல் நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த கணக்கு இது. இல்லாதவரிடம், இல்லை என்பதற்காகவே வாங்கிய பணம். ஸ்டேட் வங்கி 2020லேயே இதை விட்டது; வேறு சில அரசு வங்கிகளுக்கு 2025இல்தான் மனசு வந்தது. அந்த 8,500 கோடிக்காக வந்த கடிதங்களைவிட ரம்மி கட்டணத்துக்காக வரும் கடிதங்கள் அதிகம். எனக்கு அது வருத்தம்தான்.

இன்னொரு பழைய சண்டையும் பாக்கி இருக்கிறது. 'ரம்மி திறமை ஆட்டம், உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்று எனக்குப் பாடம் எடுத்த நண்பர்களுக்கு: 1967இல் தீர்ப்பான அந்த வழக்கு, செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் நேரில் உட்கார்ந்து ஆடிய ரம்மியைப் பற்றியது. ரம்மிக்குப் பெரும்பாலும் திறமை வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னது உண்மை. பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து கிளப்காரர் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. விளம்பரங்களில் முதல் பாதி மட்டும் வந்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும் கமிஷன் எடுத்த கம்பெனி, லாபம் பார்க்கும் கிளப்காரர் இல்லாமல் வேறு யார்? இந்தத் திறமை வாதத்தால்தான் தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டபோதும் ரம்மியும் போக்கரும் தடைப்பட்டியலிலிருந்து விடுபட்டன. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்ற மாநில விதி 2025 ஜூனில் நீதிமன்றத்தில் நிலைத்தது. அதற்குள் எத்தனை வீடுகள் நகையை அடகு வைத்தன!

பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றி, 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் கூடாது. வங்கிகள் அதற்குப் பணம் கடத்திக் கொடுக்கவும் கூடாது. ஆடுகிறவருக்கு அதில் தண்டனை இல்லை; நடத்துகிறவருக்கும் விளம்பரம் செய்கிறவருக்கும் பணம் கடத்திக் கொடுக்கிறவருக்கும்தான். நான் அதை வரவேற்று எழுதினேன், இன்றும் வரவேற்கிறேன். ஒரு சதவீதம் வாங்கிக்கொண்டு வழிவிடுவதைவிட இது நேர்மையான வேலை.

சரி, உங்கள் 400 ரூபாய். கட்டண மாற்றத்தை ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. சொல்லாமல் பிடித்திருந்தால் வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். முன்பே சொல்லியிருந்தால் திரும்ப வராது. கையோடு கார்டு ஆப்பில் ஆன்லைன் செலவுக்கு ஒரு வரம்பு வையுங்கள். அந்த வசதி எல்லா கார்டிலும் இருக்கிறது.

நண்பர் சொல்லும் வெளிநாட்டு ஆப் வேண்டவே வேண்டாம். கட்டணம் இல்லை என்றாலும், பணம் பெரும்பாலும் நேராக அந்த ஆப்புக்குப் போவதில்லை. கமிஷனுக்காகத் தங்கள் கணக்கை வாடகைக்கு விட்ட கல்லூரிப் பையன்கள், வேலையில்லாதவர்கள் கணக்கு வழியாகச் சுற்றிப் போகிறது. இணைய மோசடியில் பறித்த பணமும் அதே மாதிரி கணக்குகளில்தான் ஓடுகிறது. யாரோ ஒருவர் இணையக் குற்றப் புகார் எண்ணான 1930க்கு போன் செய்து புகார் கொடுத்தால், பணம் போன வழியில் உள்ள கணக்குகளை ஒவ்வொன்றாக முடக்கிக்கொண்டே வருவார்கள். நீங்கள் ஜெயித்ததாக வந்து விழும் 5,000 ரூபாய் அந்தப் பணமாக இருந்தால் உங்கள் சம்பளக் கணக்கும் முடங்கலாம். புகார் வேறு மாநிலத்தில் பதிவாகியிருந்தால், அதை விடுவிக்க அந்த ஊர் காவல் நிலையத்தோடு நீங்கள் பேச வேண்டி வரலாம்.